மதுவிற்பனையில் விலைக்கழிவும் சட்டமும்: ஸ்கொட்லாந்தின் அனுபவம் பற்றிய ஒரு நோக்கு

வணிகர் ஒருவர் தமது பொருளை விலை குறைத்து விற்கும்போது அதனாற் பயனடைபவர் வாங்குபவரே என்பது பொதுவாக நிலவும் கருத்தாகும். அரிசி, சீனி, துணி முதலானவற்றைப் பொறுத்தவரை இக்கருத்துப் பெரிதும் உண்மையே. ஆயின் மதுவைப் பொறுத்தவரை அரசுகள் பல இதற்கு மாறான நிலைப்பாட்டினை மேற்கொண்டு, 'ஒன்றை வாங்கினால் மற்றொன்று இலவசம்' என்பன போன்ற சலுகைகளைச் சட்டத்தினாற் கட்டுப்படுத்தியுள்ளன. சந்தைச் சுதந்திரத்தைத் தமது பொருளாதாரக் கொள்கையின் அடிப்படையாகக் கொண்ட நாடுகளே மலிவாக விற்பதைக் குற்றமாக்கியுள்ளமை ஊன்றி நோக்கத்தக்கது.

இத்தகைய சட்டங்கள் எவ்வாறு தோன்றின, அவை எதனைத் தடைசெய்கின்றன, எதனைத் தடைசெய்ய இயலாது நிற்கின்றன, அவற்றின் பயனும் பாரமும் எவரைச் சேருகின்றன என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதற்கு ஸ்கொட்லாந்தின் அனுபவம் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றது. அங்கு 2005, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்து மூன்று சட்டங்கள் நிறைவேறின. ஒவ்வொன்றும் அதற்கு முந்தியதன் குறையிலிருந்து பிறந்ததெனக் கூறலாம். அன்றியும், அவற்றின் விளைவுகள் பொதுச் சுகாதார நிறுவனங்களாலும் பல்கலைக்கழக ஆய்வாளராலும் முறையாக மதிப்பிடப்பட்டுள்ளன. எனவே, சட்டமொன்று எழுதப்பட்டபோது எதிர்பார்க்கப்பட்டதையும் நடைமுறையில் நிகழ்ந்ததையும் ஒப்பிட்டு நோக்கும் வாய்ப்பு இங்கு கிட்டுகின்றது.

1. விலைக்கழிவின் இயல்பு

விலைக்குறைப்பு வேறு, விலைக்கழிவு வேறு. இவ்வேறுபாட்டை மனங்கொள்ளாவிடின் மேற்படி சட்டங்களின் உட்பொருள் புலப்படாது. ஒரு போத்தல் வைனின் விலை 5 பவுணிலிருந்து 4 பவுணாகக் குறைக்கப்படுமாயின் அது விலைக்குறைப்பாகும். ஒரு போத்தல் வேண்டுபவர் ஒன்றையே மலிவாகப் பெறுகின்றார். மாறாக, ஒரு போத்தலின் விலை 5 பவுண், மூன்று போத்தல்களின் விலை 10 பவுண் என அறிவிக்கப்படுமாயின் நிலைமை வேறு. இரண்டு வாங்கினாலும் 10 பவுண், மூன்று வாங்கினாலும் 10 பவுண். இந்நிலையில் இரண்டு வாங்குவது அறியாமையாகவும், ஒன்று வாங்குவது நட்டமாகவும் தோன்றுகின்றது. ஒன்றை வாங்க வந்தவர் மூன்றுடன் வீடு திரும்புகின்றார். இங்கு குறைக்கப்பட்டது விலை என்பதிலும் பார்க்க, கூட்டப்பட்டது தொகை என்பதே பொருத்தமாகும். இவ்வகைக் கழிவினை இக்கட்டுரையில் 'தொகைக்கழிவு' எனக் குறிப்பிடுவோம்.

சவர்க்காரத்துக்கும் இத்தகைய கழிவு வழங்கப்படுவதுண்டு. ஆனால் மூன்று கட்டிச் சவர்க்காரம் வாங்கியவர் ஒரு நாளில் மும்முறை குளிப்பதில்லை. எஞ்சியது அலுமாரியில் இருக்கும். மதுவோ வீட்டில் இருக்குமிடத்துத் தானே அடுத்த கிண்ணத்துக்கு அழைப்பாகின்றது. வாங்கிய தொகை அருந்தும் தொகையைத் தீர்மானிக்கும் பொருள்களுள் மது ஒன்றாகும்.

இரண்டாவதாக, மது நுகர்வு மக்களிடையே சமமாகப் பரவியிருப்பதன்று. 2018 இல் வெளியான ஆய்வொன்று, இங்கிலாந்தில் 2013–14 காலப்பகுதியில் மதுவிற்பனையால் வந்த வருமானத்தில் நூற்றுக்கு 68 வீதம், அரசு வகுத்த பாதுகாப்பான அளவினை மீறி அருந்துவோரிடமிருந்தே கிடைத்ததாகக் கணித்தது. அளவோடு அருந்துமாறு போத்தலின் மீது அச்சிடும் தொழிலின் வருவாய், அளவு மீறுவோரையே பெரிதும் நம்பியுள்ளது. இம்முரண்பாடு தனிமனிதரின் தீய எண்ணத்தாற் பிறந்ததன்று. தொழிலின் அமைப்பிலேயே உள்ளதாகும்.

மூன்றாவதாக, பெரும் பேரங்காடிகளுக்கு மது ஒரு தூண்டிலாகவும் பயன்பட்டது. பியரை அடக்கவிலைக்குக் கிட்டிய விலையிலோ அதனினும் குறைவாகவோ விற்று, அதனை நாடி வருவோர் ஏனைய பொருள்களையும் வாங்கும்போது அவ்விழப்பினை ஈடுசெய்தல் சில்லறை வணிகத்தில் நன்கறியப்பட்ட முறையாகும். தனியொரு வணிகர் மனச்சாட்சியின் பேரில் இதனைக் கைவிட்டால், வாடிக்கையாளர் அடுத்த கடைக்குச் செல்வர். வணிகர் யாவரும் கூடி விலையை உயர்த்த உடன்படின், அது போட்டிச் சட்டத்தின்படி குற்றமாகும். ஆகவே போட்டியினால் விளைந்த இந்நிலையை நீக்கும் வல்லமை சட்டத்துக்கு மாத்திரமே உண்டு.

2. வடிவங்களைத் தடைசெய்தல்

ஸ்கொட்லாந்தின் மது அனுமதிப்பத்திர முறையை மீளாய்வு செய்வதற்கென அமைக்கப்பட்ட நிக்கல்சன் குழு 2003 இல் தனது அறிக்கையை வெளியிட்டது. அதன்வழி வந்த 2005 ஆம் ஆண்டுச் சட்டம் 2009 செப்ரெம்பர் 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. குற்றத் தடுப்பு, பொதுமக்கள் பாதுகாப்பு, பொதுத்தொல்லை தவிர்த்தல், சிறுவர் பாதுகாப்பு ஆகியவற்றுடன் 'பொதுச் சுகாதாரத்தைப் பேணி மேம்படுத்தல்' என்பதையும் அச்சட்டம் தனது ஐந்து குறிக்கோள்களுள் ஒன்றாக ஏற்றது. இங்கிலாந்துக்கும் வேல்சுக்குமுரிய 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இக்குறிக்கோள் இடம்பெறவில்லை. மது அருந்தியவர் தெருவிலே செய்யும் கலகம் மாத்திரமன்றி, அவரது ஈரலுக்கு நேரும் கேடும் அனுமதிப்பத்திரம் வழங்குவோர் கவனிக்க வேண்டிய விடயமாயிற்று என்பதே இதன் பொருள்.

இச்சட்டம் 'பொறுப்பற்ற விற்பனை ஊக்குவிப்பு' என்னும் கருத்தினை வரையறை செய்தது. ஒரு பானத்தை வாங்குபவருக்கு மற்றொன்றை இலவசமாகவோ குறைந்த விலைக்கோ வழங்குதல், குறிப்பிட்ட கட்டணத்துக்கு எல்லையின்றி அருந்த விடுதல், வாங்குபவர் கருதியதிலும் பெரிய அளவினை வாங்கத் தூண்டுதல், மதுவின் வலிமையைக் காட்டிக் கவர்தல், விரைந்து குடிப்பதற்குப் பரிசளித்தல், பதினெட்டு வயதுக்குட்பட்டோரைப் பெரிதும் கவரத்தக்க மதுவை முன்னிறுத்துதல், அவ்விடத்திலேயே அருந்தத்தக்க மதுவைப் பரிசாக வழங்குதல் என்பன தடைக்குள்ளாயின.

இவற்றினும் நுட்பமானது 72 மணித்தியால விதியாகும். மதுச்சாலையொன்று தனது மதுவின் விலையை ஒருமுறை மாற்றினால் அடுத்த 72 மணித்தியாலங்களுக்கு மீண்டும் மாற்றுதல் இயலாது. 'ஹப்பி அவர்' எனப்படும் மலிவு நேரத்தை இவ்விதி பெயர் சொல்லாமலே ஒழித்துவிட்டது. மாலை ஐந்து மணிக்கு விலையைக் குறைப்பவர் அவ்விலையை மூன்று நாட்களுக்குப் பேண வேண்டுமாயின், வேலை முடிந்து வருவோரை ஒரு மணி நேரத்துக்குள் அவசரப்படுத்திக் குடிக்கச் செய்யும் உத்தி பொருளற்றுப் போகின்றது. அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலம் 1984 இலும், அயர்லாந்து 2003 இலும் மலிவு நேரத்தை நேரடியாகவே தடைசெய்திருந்தன. இங்கிலாந்திலும் 2010 இல் விதிக்கப்பட்ட கட்டாய நிபந்தனைகள், குடிப் போட்டிகளையும் ஒரே கட்டணத்துக்கு எல்லையின்றி மது வழங்குதலையும் கட்டுப்படுத்தின.

இவ்விதிகளின் குறைபாடு இருவகைப்படும். முதலாவது, அவை ஊக்குவிப்பின் வடிவங்களை ஒவ்வொன்றாக எண்ணிக் கூறித் தடுக்கின்றன. எண்ணப்படாத புதிய வடிவம் ஒன்று தோன்றும்போது சட்டம் அதன் பின்னே செல்ல வேண்டியதாகின்றது. இரண்டாவது, அவை பெரும்பாலும் இருந்து அருந்தும் மதுச்சாலைகளையே நோக்கியவை. ஆனால் குடியின் இருப்பிடமோ மாறிக்கொண்டிருந்தது. 2017 ஆம் ஆண்டளவில் ஸ்கொட்லாந்தில் விற்கப்பட்ட மதுவில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கடைகளில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டதாகும். மதுச்சாலையில் ஊழியரின் பார்வையும், அயலவரின் பேச்சும், மூடும் நேரமும் ஓரளவுக்கேனும் தடையாக அமைகின்றன. வீட்டில் இவையெதுவும் இல்லை. அங்கு சட்டத்தின் கை எட்டும் இடம் கடையின் பணம் பெறும் மேசை ஒன்றேயாகும்.

3. தொகைக்கழிவுத் தடை

இக்குறையை நீக்கும் முகமாகவே 2010 ஆம் ஆண்டுச் சட்டம் எழுந்தது. அது 2011 ஒக்ரோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கடையில் தனித்தனியே விற்கப்படும் மதுவகைகளை ஒன்றுசேர்த்து விற்கும்போது, அவற்றின் தனி விலைகளின் கூட்டுத்தொகையிலும் குறைவாக விற்றல் ஆகாது என்பது அதன் சாரமாகும். ஒரு போத்தல் 5 பவுண் எனின் மூன்று போத்தல்கள் 15 பவுணாகவே இருத்தல் வேண்டும். 72 மணித்தியால விதி கடைகளுக்கும் விரிக்கப்பட்டது. மதுவுக்கான ஊக்குவிப்பு அறிவித்தல்கள், கடையினுள் மதுவுக்கென ஒதுக்கப்பட்ட பகுதிக்கு அப்பாற் செல்லலாகாது என்றும் விதிக்கப்பட்டது. பாண் வாங்க வருபவர் வாயிலிலேயே பியர்க் குவியலைக் காணும் நிலை இதனால் நீங்கியது.

இவ்விதியின் சிறப்பு அதன் பொதுமையில் உள்ளது. ஊக்குவிப்பின் பெயரையோ தோற்றத்தையோ அது நோக்கவில்லை. தனி விலைக்கும் கூட்டு விலைக்குமுள்ள தொடர்பை மாத்திரமே நோக்குகின்றது. எளிய எண்கணிதம் தெரிந்த எவரும் சட்டம் மீறப்பட்டதா என்பதைக் கண்டறியலாம்.

எனினும் அதன் பலவீனமும் அவ்விடத்திலேயே உள்ளது. தொடர்பினைக் கட்டுப்படுத்திய சட்டம் விலையைக் கட்டுப்படுத்தவில்லை. 'மூன்று 10 பவுண்' என விற்றுவந்த கடை, ஒவ்வொரு போத்தலையும் 3 பவுண் 33 பென்சுக்குத் தனித்தனியே விற்கத் தொடங்கினால் சட்டம் எதுவும் மீறப்படுவதில்லை. பேரங்காடிகள் சில அவ்வாறே செய்தன. தனியே விற்கப்படாத பொருளுக்கு இவ்விதி பொருந்தாமையால், கூட்டுப் பொதியாக மாத்திரம் விற்கும் வழியும் திறந்திருந்தது. இங்கிலாந்திலுள்ள களஞ்சியங்களிலிருந்து தபால்வழி அனுப்பப்படும் மதுவுக்கும் ஸ்கொட்லாந்தின் சட்டம் பொருந்தவில்லை.

விளைவு பற்றிய மதிப்பீடுகளும் ஒருமுகப்பட்டன அல்ல. ஸ்கொட்லாந்துச் சுகாதார நிறுவனம் கடை விற்பனைத் தரவுகளை ஆராய்ந்து, வளர்ந்தோர் ஒருவருக்கான மதுவின் அளவு சட்டத்தின் பின்னர் நூற்றுக்கு 2.6 வீதம் குறைந்ததெனவும், வைன் விற்பனை நூற்றுக்கு 4 வீதம் குறைந்ததெனவும் மதிப்பிட்டது. குடும்பங்களின் கொள்வனவுப் பதிவுகளை ஆராய்ந்து 2014 இல் வெளியான வேறோர் ஆய்வோ, ஒருமுறை கடைக்குச் செல்லும்போது வாங்கப்படும் எண்ணிக்கை குறைந்தாலும் கடைக்குச் செல்லும் தடவைகள் கூடியதனால் மொத்த அளவில் மாற்றம் காணப்படவில்லை என முடிவு செய்தது. சிறியதொரு பயன் ஏற்பட்டிருக்கலாம். ஆயின் மது மலிவாகக் கிடைக்கும் நிலை மாறவில்லை என்பதே இவ்விரண்டினின்றும் பெறப்படும் நியாயமான முடிபாகும்.

4. விலைக்கு ஓர் அடித்தளம்

வடிவத்தைத் தடுத்தாயிற்று, தொடர்பையும் தடுத்தாயிற்று. எஞ்சியது விலை ஒன்றே. வரியை உயர்த்தினால் விலை தானாகவே உயருமன்றோ என்ற வினா இங்கு எழுவது இயல்பு. இதற்கு இரு விடைகள் உள்ளன. முதலாவது, மதுவரி விதிக்கும் அதிகாரம் வெஸ்ட்மின்ஸ்டர் பாராளுமன்றத்துக்கே உரியது. எடின்பரோவிலுள்ள ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றத்துக்கு அவ்வதிகாரமில்லை. இரண்டாவது, பெரும் வணிக நிறுவனங்கள் வரி உயர்வைத் தாமே தாங்கிக்கொண்டு மலிவுப் பானங்களின் விலையை உயர்த்தாது விடலாம். அதன் சுமையை ஏனைய பொருள்கள்மீது ஏற்றலாம். வரி விதிக்கும் அரசு விலையை விதிப்பதில்லை.

எனவே குறைந்தபட்ச அலகுவிலை என்னும் முறை முன்வைக்கப்பட்டது. ஓர் அலகு என்பது 10 மில்லிலீற்றர் தூய மதுசாரம். பானத்தின் பெயரோ தரமோ எதுவாயினும், அதிலடங்கிய ஒவ்வோர் அலகுக்கும் குறித்த விலைக்குக் குறையாது விற்றல் வேண்டும் என்பதே விதி. 2010 ஆம் ஆண்டு மசோதாவில் இடம்பெற்றிருந்த இப்பகுதி எதிர்க்கட்சிகளின் பெரும்பான்மையால் நீக்கப்பட்டது. 2011 தேர்தலின் பின் மீண்டும் கொண்டுவரப்பட்டு 2012 மே 24 ஆந் திகதி நிறைவேறியது.

நிறைவேறிய சட்டம் ஆறு ஆண்டுகள் நடைமுறைக்கு வராமற் கிடந்தது. ஸ்கொச் விஸ்கி உற்பத்தியாளர் சங்கமும் ஐரோப்பிய மதுத்தொழில் அமைப்புகளும் தொடுத்த வழக்கே அதற்குக் காரணம். பொருள்களின் தடையற்ற நடமாட்டத்துக்கு இவ்விதி முரணானது என்பது அவர்களது வாதம். வழக்கு எடின்பரோவிலிருந்து ஐரோப்பிய நீதிமன்றத்துக்குச் சென்றது. வரியினால் அதே பயனை அடைய இயலுமாயின் குறைந்தபட்ச விலை நியாயமாகாது எனவும், அதனைத் தீர்மானிக்க வேண்டியது நாட்டின் நீதிமன்றமே எனவும் அது 2015 டிசெம்பரில் தீர்ப்பளித்தது. இறுதியாக ஐக்கிய இராச்சியத்தின் உயர் நீதிமன்றம் 2017 நவெம்பர் 15 இல், மலிவும் வலிமையும் ஒருங்கே கொண்ட மதுவினால் விளையும் கேட்டினைக் குறிவைத்துத் தாக்குவதில் வரியினும் இவ்விதியே பொருத்தமானது என ஏகமனதாக ஏற்றது. 2018 மே 1 முதல் அலகுக்கு 50 பென்ஸ் என விதி நடைமுறைக்கு வந்தது. 2024 செப்ரெம்பர் 30 முதல் அது 65 பென்சாக உயர்த்தப்பட்டது.

விதியின் செயற்பாட்டைச் சில கணக்குகளால் விளக்கலாம். நூற்றுக்கு 12 வீத மதுசாரமுள்ள 750 மில்லிலீற்றர் வைன் போத்தலில் 9 அலகுகள் உள்ளன. 50 பென்ஸ் வீதம் அதன் குறைந்தபட்ச விலை 4 பவுண் 50 பென்ஸ். மேலே கூறிய 3 பவுண் 33 பென்ஸ் விற்பனை இதனோடு முடிவுற்றது. நூற்றுக்கு 7.5 வீத வலிமையுள்ள 3 லீற்றர் சைடரில் 22.5 அலகுகள், ஒரு சில பவுண்களுக்கு விற்கப்பட்டுவந்த அப்பெரும் போத்தலின் விலை 11 பவுண் 25 பென்சாயிற்று. ஆனால் மதுச்சாலையில் அருந்தும் நூற்றுக்கு 4 வீத பியரின் ஒரு பைன்றில் ஏறத்தாழ 2.3 அலகுகளே உள்ளன. அதன் குறைந்தபட்ச விலை 1 பவுண் 14 பென்ஸ். மதுச்சாலை விலை அதனிலும் எவ்வளவோ கூடியதாகையால் அங்கு எவ்வித மாற்றமும் ஏற்படவில்லை. அதே போன்று விலையுயர்ந்த விஸ்கியும் பாதிக்கப்படவில்லை.

இங்கிலாந்தின் போக்கு இதற்கு மாறானது. குறைந்தபட்ச அலகுவிலையையும் தொகைக்கழிவுத் தடையையும் 2012 இல் முன்மொழிந்த ஐக்கிய இராச்சிய அரசு, 2013 யூலையில் அவற்றைக் கைவிட்டது. அதற்குப் பதிலாக 2014 மே 28 முதல், மதுவரியும் அவ்வரிமீதான பெறுமதி சேர் வரியும் கூடிய தொகைக்குக் குறைவாக விற்கலாகாது என்னும் விதியையே இங்கிலாந்திலும் வேல்சிலும் கொண்டுவந்தது. மதுவை வடிப்பதற்கும் போத்தலில் அடைப்பதற்கும் ஆகும் செலவு இக்கணக்கில் இடம்பெறாமையால், இவ்விதி தொடும் விற்பனை மிகச் சொற்பமேயாகும். வேல்ஸ் பின்னர் 2020 மார்ச் 2 முதல் 50 பென்ஸ் அலகுவிலையைத் தனக்கென விதித்துக்கொண்டது. அயர்லாந்து, 2018 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், 2021 ஜனவரி 11 முதல் தொகைக்கழிவையும், மது வாங்குவோருக்கு வாடிக்கையாளர் புள்ளிகள் வழங்குவதையும் தடைசெய்து, 2022 ஜனவரி 4 முதல் ஒரு கிராம் மதுசாரத்துக்கு 10 சதம் என அடித்தள விலையையும் நிறுவியது. இரு விதிகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்க வேண்டியவை என்பதை இது காட்டுகின்றது. கழிவுத் தடை இன்றேல் அடித்தளத்துக்கு மேலே தூண்டுதல் தொடரும்; அடித்தளம் இன்றேல் கழிவுத் தடைக்குக் கீழே விலை வழுவிச் செல்லும்.

5. பயனும் பாரமும்

முற்போக்காளர் இவ்விதிமீது எழுப்பும் முதன்மையான மறுப்பு, இது ஏழைகள் மீதான வரி என்பதாகும். செல்வந்தர் அருந்தும் வைனைத் தொடாது, ஏழையின் சைடரை மாத்திரம் மும்மடங்கு விலைக்கு உயர்த்தும் சட்டம் வர்க்கச் சார்புடையதன்றோ? இவ்வினாவை ஒதுக்கிவிட்டுச் செல்லுதல் நேர்மையாகாது.

2023 யூனில் வெளியான இறுதி மதிப்பீட்டின்படி, இவ்விதியின் காரணமாக ஸ்கொட்லாந்தின் மதுவிற்பனை நூற்றுக்கு 3 வீதம் குறைந்தது. முற்றிலும் மதுவினாலேயே நேரும் மரணங்கள், விதி இல்லாதிருப்பின் நேர்ந்திருக்கக் கூடியவற்றிலும் நூற்றுக்கு 13.4 வீதம் குறைந்தன. அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 156 உயிர்கள். அவ்வீழ்ச்சி வறுமை மிகுந்த பகுதிகளிலேயே கூடுதலாகக் காணப்பட்டது.

இங்கு 'விதி இல்லாதிருப்பின்' என்னும் சொற்றொடர் கவனிக்கத்தக்கது. 2023 இல் ஸ்கொட்லாந்தில் மதுவினால் நேர்ந்த மரணங்கள் 1,277. 2008 இன் பின் அதுவே மிகக் கூடிய எண்ணிக்கை. ஆகவே சட்டம் தோல்வியுற்றது என்று கூறுவோர் உளர். ஆயின் கொள்ளைநோய்க் காலத்தில் இங்கிலாந்திலும் இம்மரணங்கள் வேகமாகப் பெருகின. சட்டம் இல்லாத இங்கிலாந்தின் போக்கோடு ஒப்பிட்டே ஸ்கொட்லாந்தின் நிலையை மதிப்பிடல் வேண்டும் என்பது ஆய்வாளரின் முறை. வெள்ளம் பெருகும் ஆண்டில் அணையின் பயனை, நீர்மட்டம் உயர்ந்ததா என்பதைக் கொண்டு அளத்தலாகாது.

அதேவேளை, அம்மதிப்பீடு மறைக்காது கூறிய மற்றொரு செய்தியும் உண்டு. மதுவுக்கு அடிமையாகிவிட்டோர் இவ்விதியினால் தமது குடியைக் குறைத்தனர் என்பதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. அவருட் சிலர் உணவுக்கான பணத்தைக் குறைத்து மதுவுக்குச் செலவிட்டனர். விலையினால் தடுக்கத்தக்கவர், இன்னும் தெரிவு செய்யும் நிலையில் உள்ளவரே. நோயாளராகிவிட்டவருக்கு வேண்டியது மருத்துவமும் ஆதரவும். விலை அவரைத் தண்டிக்குமேயன்றித் திருத்தாது.

ஆகவே 'ஏழைகள் மீதான வரி' என்னும் கூற்றை இருபுறமும் வைத்து எடைபோடுதல் வேண்டும். 2023 இல் ஸ்கொட்லாந்தின் வறிய பகுதிகளில் மதுவினால் இறந்தோரின் வீதம் வசதியான பகுதிகளினதிலும் நான்கு மடங்குக்கு மேலாகும். ஒரே அளவு மது ஏழையின் உடலிலேயே கூடுதலான கேட்டை விளைப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. மலிவு மது ஏழைக்குக் கிடைத்த சலுகை என்போர், அச்சலுகையின் கணக்கை இடுகாடுவரை கொண்டுசென்று முடித்தல் வேண்டும். எனினும் வேலையின்மை, குடியிருப்பின் சீர்கேடு, தொழிற்சாலைகள் மூடப்பட்ட நகரங்களின் நம்பிக்கையின்மை ஆகிய காரணங்களைத் தொடாது விலையை மாத்திரம் உயர்த்தும் அரசு, நோயின் ஓர் அறிகுறிக்கே மருந்திடுகின்றது என்பதும் மறுத்தற்கியலாத உண்மையாகும்.

6. இலாபம் எவருக்கு?

இதுகாறும் கூறியவற்றினும் குறைவாகப் பேசப்படும் வினா ஒன்றுண்டு. விலை உயரும்போது கூடுதலாகக் கிடைக்கும் பணம் எங்கே செல்கின்றது? வரியாயின் அது அரசின் திறைசேரியைச் சேரும். குறைந்தபட்ச விலையோ வரியன்று. மேலதிகப் பணம் விற்பவரிடமும் உற்பத்தியாளரிடமுமே தங்குகின்றது. குடியைக் குறைப்பதற்கென இயற்றப்பட்ட சட்டம், விற்கப்படும் ஒவ்வொரு போத்தலிலும் விற்பவரின் இலாபத்தைக் கூட்டக் கூடியதாகின்றது. ஸ்கொட்லாந்து அரசு 2012 முதல் 2015 வரை, மதுவும் புகையிலையும் விற்கும் பெருங் கடைகள்மீது பொதுச் சுகாதார மேலதிக வரியொன்றை விதித்திருந்தது. அலகுவிலை நடைமுறைக்கு வந்தபோது அவ்வரி இருக்கவில்லை.

இவ்வினாவுக்கு முற்றிலும் வேறான விடையொன்றை வரலாறு அறியும். 1865 இல் சுவீடனின் கோதன்பேர்க் நகரில் மதுச்சாலைகள், இலாப நோக்கற்ற கம்பெனி ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டன. முகாமையாளர் மதுவிற்பனையிலிருந்து இலாபம் பெறுதல் இயலாது. உணவு விற்று வருவாய் தேடலாம். அதிகம் விற்பதில் எவருக்கும் நன்மை இல்லையெனின், விலைக்கழிவு வழங்குவதற்கும் காரணம் இல்லை. இம்முறை ஸ்கொட்லாந்தின் நிலக்கரிச் சுரங்கக் கிராமங்களிலும் பரவியது. ஃபைஃப் பிரதேசத்தின் ஹில் ஒஃப் பீத் கிராமத்தில் 1896 இல் இத்தகைய மதுச்சாலை தோன்றியது. பங்குதாரருக்கு நூற்றுக்கு 5 வீதத்துக்கு மேற்படாத பங்கிலாபம் வழங்கி, எஞ்சியது கிராமத்தின் பொதுப்பணிகளுக்குச் செலவிடப்பட்டது. இம்மதுச்சாலைகளை 'கொத்' என மக்கள் அழைத்தனர். ஹில் ஒஃப் பீத்தில் அம்முயற்சியின் பின்னின்றது சுரங்கக் கம்பெனியே என்பதையும் மறத்தலாகாது. தொழிலாளி நிதானமாக இருத்தல் முதலாளிக்கும் வேண்டியதொன்றாயிருந்தது. சுவீடனில் அக்கொள்கையின் தொடர்ச்சியாக 1955 முதல் நாடளாவிய அரசு நிறுவனமாகச் சிஸ்டம்பொலாகெட் இயங்குகின்றது. அதன் கடைகளில் தொகைக்கழிவு இல்லை. தனியார் இலாபம் நீக்கப்பட்ட இடத்தில் ஊக்குவிப்பும் உதிர்ந்துவிடுகின்றது.

இலங்கை வாசகருக்கு இவ்வினா புதியதன்று. பிரித்தானியர் ஆட்சியில் சாராயக் குத்தகை, ஏலத்தில் உயர்ந்த தொகை கேட்பவருக்கே வழங்கப்பட்டது. கொடுத்த தொகையை மீட்பதற்குக் குத்தகைக்காரர் இயன்றவரை கூடுதலாக விற்க வேண்டியவராயினர். இக்குத்தகை உள்நாட்டு முதலாளி வர்க்கத்தின் மூலதனத் திரட்சிக்கு முக்கிய ஊற்றாக அமைந்ததைக் குமாரி ஜயவர்த்தனா 2000 ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். தவறணையில் தொழிலாளி இழந்த கூலியும் குத்தகைக்காரர் சேர்த்த செல்வமும் ஒரே கணக்கின் இரு பக்கங்களாகும். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் மது விளம்பரத்தையும், மதுக் கம்பெனிகளின் அனுசரணையையும், இருபத்தொரு வயதுக்குட்பட்டோருக்கு மது விற்பதையும் தடைசெய்துள்ளது. எனினும் ஸ்கொட்லாந்தின் விலை விதியை அப்படியே இங்கு கொண்டுவருதல் எளிதன்று. சட்டபூர்வமான விற்பனைக்கு மாத்திரமே அடித்தள விலையை விதிக்கலாம். கசிப்புக்கு அனுமதிப்பத்திரமும் இல்லை, விலைப்பட்டியலும் இல்லை.

முடிவுரை

ஸ்கொட்லாந்தின் சட்டங்கள் முதலில் ஊக்குவிப்பின் வடிவங்களையும், பின்னர் தனி விலைக்கும் கூட்டு விலைக்குமுள்ள தொடர்பையும், இறுதியில் விலையையுமே கட்டுப்படுத்தின. ஒவ்வொரு படியிலும் வணிகம் சட்டத்தின் எழுத்துக்கு இணங்கி அதன் நோக்கத்தைத் தவிர்க்கும் வழியை நாடியது. சட்டம் மேலும் ஒரு படி ஆழமாகச் செல்ல நேர்ந்தது. இறுதிப் படியில் உயிர்கள் காக்கப்பட்டன என்பதற்குச் சான்று உண்டு. அப்பயன் சிறிதன்று.

ஆயின் இன்னும் ஒரு படி எஞ்சியுள்ளது. அதிகம் விற்றால் அதிக இலாபம் என்னும் விதி மாறாதிருக்குமளவும், ஒரு வாயில் அடைபட்டால் மற்றொரு வாயில் திறக்கவே செய்யும். விலைக்கழிவைத் தடுக்கும் சட்டத்தைப் பாராட்டுவோரும் எதிர்ப்போரும் ஒருங்கே கேட்க வேண்டிய வினா, மதுவின் விலை எவ்வளவு என்பதோடு முடிவதன்று. அவ்விலை எவர் கையைச் சேருகின்றது, அது கூடுவதில் எவருக்கு அக்கறை உண்டு என்பதும் கேட்கப்படல் வேண்டும். இலங்கையில் மதுக் கொள்கை பற்றி ஆராய முற்படுவோர் தமது ஆய்வை இவ்வினாவிலிருந்து தொடங்குதல் பயனுடைத்து.